கறிவேப்பிலையில் முட்டையிட்ட ரோஜா அழகி

அக்டோபர் 14, காலை எட்டரை மணி இருக்கும். இரவெல்லாம் பெய்த மழை விட்டு, வெயில் அப்போதுதான் கொல்லைப்புறத்துக்குள் வந்திருந்தது. மதுரையின் விளிம்பில் இருக்கும் எங்கள் வீட்டுக் கொல்லையில் இட்லிப்பூச் செடி ஒன்று ஆள் உயரத்துக்கு நிற்கிறது. இரண்டு வருடமாக அதற்கு வரும் பட்டாம்பூச்சிகளை போனில் படமெடுத்துப் பெயரிட்டுச் சேர்த்து வருகிறேன். அன்று வந்தது எனக்குப் பழகிய ஒரு ரோஜா அழகி. கருப்புச் சிறகு, பின்சிறகின் நடுவில் வெள்ளைத் திட்டு, விளிம்பில் சிவப்புப் பிறைகள், வால். வலது பக்க வால் மட்டும் ஒடிந்திருந்தது. முந்தின நாளும் இதையே பார்த்திருந்ததால் அடையாளம் தெரிந்தது.

தேன் குடித்துவிட்டு அது பறந்து போகவில்லை. சுவரோரம் தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலைக் கன்றை இரண்டு சுற்றுச் சுற்றியது. ஒரு கொழுந்தில் உட்கார்ந்து முன்கால்களால் இலையைத் தட்டித் தட்டிப் பார்த்தது. பட்டாம்பூச்சிகளுக்குக் காலிலும் சுவை தெரியும். இது நமக்கு வேண்டிய செடிதானா என்று தாய் சோதிக்கும் முறை அது. பிறகு வயிற்றின் நுனியை வளைத்து இலையில் ஒட்டி எடுத்தது. அருகில் போய்ப் பார்த்தேன். கடுகை விடச் சின்னதாக, வெளிர் மஞ்சளில், உருண்டையாக ஒரு முட்டை.

எனக்குத் தெரிந்த கணக்கு அங்கேதான் இடித்தது. ரோஜா அழகி கறிவேப்பிலையில் முட்டையிடாது. அதன் புழு தின்பது ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி இனத்துக் கொடிகளை மட்டும்தான். அந்தச் செடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நஞ்சு இருக்கிறது. புழு அதைத் தின்று தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். பட்டாம்பூச்சியான பிறகும் அது உடம்பிலேயே தங்கும். ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை அடுத்த முறை அந்தக் கருப்பு, வெள்ளை, சிவப்புக் கோலத்தைக் கண்டாலே ஒதுங்கிப் போகும். ரோஜா அழகி அவ்வளவு சாவகாசமாகப் பறப்பது அந்தத் தைரியத்தில்தான். கறிவேப்பிலையில் பிறந்த புழுவுக்கு அந்த நஞ்சு எங்கிருந்து கிடைக்கும்?

கறிவேப்பிலையில் முட்டையிடும் கருப்பு அழகி ஒன்று உண்டு, பெயரே கறிவேப்பிலை அழகி. ஆனால் நான் அந்தப் பெயரில் சேர்த்து வைத்திருந்த படங்களில் பின்சிறகில் சிவப்புத் திட்டெல்லாம் இல்லை; கருப்புச் சிறகின் குறுக்கே ஒரு வரிசை வெள்ளைப் புள்ளிகள், அவ்வளவுதான். அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. இதன் பெண் மூன்று உருவங்களில் வரும். ஒன்று ஆணைப் போலவே இருப்பது. அதை சைரஸ் வடிவம் என்பார்கள். இன்னொன்று ரோஜா அழகியைப் போல இருக்கும் ஸ்டிக்கியஸ். மூன்றாவது சிவப்புடல் அழகி என்ற இன்னொரு பட்டாம்பூச்சியைப் போல இருக்கும் ரோமுலஸ். படித்த ஞாபகம் இருந்தது. படித்தது வேறு, கண் முன்னால் பறக்கும்போது கண்டுகொள்வது வேறு.

சரி, இதை ஊகமாக விடக்கூடாது என்று முடிவு செய்தேன். இரண்டு வேலை. அந்தப் பூச்சியை ஒழுங்காகப் படமெடுத்து உடம்பைப் பார்க்க வேண்டும். முட்டைகளை எடுத்து வளர்த்து, என்ன வருகிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

முதலில் படம். என்னிடம் இருந்த பழைய படங்களின் குறை அன்றைக்குத்தான் புரிந்தது. எல்லாமே மேலிருந்து, சிறகு விரிந்த நிலையில் எடுத்தவை. சிறகின் கோலம் முழுசாகத் தெரிகிறது, உடம்பு நடுவில் ஒரு கருப்புக் கோடாகத் தெரிகிறது. பாவனை செய்யும், அதாவது இன்னொன்றைப் போல வேஷம் போடும் பூச்சியைப் பொறுத்தவரை இது தலைகீழான வேலை. சிறகுதான் பறவையை ஏமாற்ற வேண்டிய இடம். பல்லாயிரம் தலைமுறையாகப் பறவையின் கண்ணுக்குத் தப்பித் தப்பித் திருத்தமானது அது. அந்த இடத்திலேயே நானும் வித்தியாசத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். பாவனை போய்ச் சேராத இடம் உடம்பு. ரோஜா அழகிக்குத் தலை சிவப்பு, மார்பின் பக்கவாட்டு சிவப்பு, வயிற்றின் பக்கமும் நுனியும் சிவப்பு. கறிவேப்பிலை அழகியின் பெண் எந்த வேஷத்தில் இருந்தாலும் தலையும் உடம்பும் கருப்பு; சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் மட்டும் இருக்கும்.

‘உடம்பு சிவப்பா கருப்பா பார்’ என்ற இந்த விதியைப் பலரும் சொல்வார்கள். அதில் ஒரு குழி இருக்கிறது. ரோஜா அழகியின் முதுகுப்பக்கமும் பெரும்பாலும் கருப்புத்தான். மார்பின் மேற்புறம் கருப்பு, வயிற்றின் தொடக்கமும் மேலே கருப்பு. மேலிருந்து எடுத்த படத்தை வைத்து ‘உடம்பு கருப்பு, ஆகவே இது பாவனைப் பெண்’ என்று தீர்த்தால், நிஜ ரோஜா அழகியையே பாவனை என்று எழுதிவிடுவோம். தலை தெரிய வேண்டும், பக்கவாட்டு தெரிய வேண்டும், வயிற்று நுனி தெரிய வேண்டும்.

போனில் இதை எடுப்பது அவ்வளவு எளிதாக இல்லை. இந்தக் குடும்பத்துப் பட்டாம்பூச்சிகள் தேன் குடிக்கும்போது பூவில் முழுப் பாரத்தையும் வைப்பதில்லை. முன்சிறகுகளைப் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், உடம்பும் சேர்ந்து ஆடும். படமெடுத்தால் கலங்கல்தான். அப்புறம் மெதுவோட்டத்தில் வீடியோ எடுத்து, அதில் தெளிவான ஒரு கணத்தை நிறுத்திப் பிரித்தெடுத்தேன். அது நன்றாக வேலை செய்தது. இன்னொன்று வெளிச்சம். போன் தானாக அளவிட விட்டால் வெள்ளைத் திட்டை வைத்து அளவிடுகிறது. உடம்பு இருட்டில் போய்விடுகிறது, சிவப்பு இருந்தால்கூடக் காப்பிப்பொடி நிறமாகத்தான் தெரியும். திரையில் பூச்சியின் மார்பைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். வெள்ளைத் திட்டு வெளுத்துப் போனது, போகட்டும். உடம்பின் நிறம் வந்துவிட்டது.

ஒடிந்த வால்காரி மறுநாளும் வந்தாள். முழங்கால் போட்டு, இட்லிப்பூவின் மட்டத்துக்குப் போனை இறக்கிப் பக்கவாட்டில் எடுத்தேன். தலை கருப்பு. கழுத்தருகில் வெள்ளைப் புள்ளிகள். வயிறு நுனி வரை கருப்பு. சந்தேகமே இல்லை, கறிவேப்பிலை அழகியின் பெண், ஸ்டிக்கியஸ் வடிவம். பக்கத்து வீட்டுப் பூனை குறுக்கே தாவியபோது இன்னொன்றும் கவனித்தேன். அதுவரை ரோஜா அழகியைப் போலவே மிதந்து மிதந்து பறந்தவள், மிரண்டதும் அந்த நடையை விட்டுவிட்டுச் சரேலென்று சுவரைத் தாண்டிப் போய்விட்டாள். நஞ்சு இல்லாத உடம்புக்கு அவசரம் வந்தால் வேகம்தான் துணை.

இனி முட்டைகள். இரண்டு நாளில் அவள் இட்டதை நேரில் பார்த்தது ஒன்பது. ஒவ்வொரு முட்டைக்கும் கீழே காம்பில் சிவப்புத் தையல் நூல் கட்டினேன். இது தேவையில்லாத வேலை போலத் தோன்றும், ஆனால் தேவை. எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலையில் முட்டையிடும், முட்டையும் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் இருக்கும், சின்னப் புழுக்களும் அப்படியே. யார் இட்டது என்று பார்க்காத முட்டையை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அதே கன்றில் நூல் கட்டாத பத்தாவது முட்டை ஒன்று இருந்தது. அதைத் தனி டப்பாவில் வைத்தேன். அது பின்னால் எலுமிச்சை அழகியாகவே வெளிவந்தது. வாலே இல்லாத, கருப்பில் வெளிர் மஞ்சள் திட்டுகள் சிதறிய பூச்சி. நூல் கட்டியது வீண்போகவில்லை.

பிரியாணி வாங்கி வந்த தெளிவான பிளாஸ்டிக் டப்பாக்களைக் கழுவிக் காயவைத்து, மூடியில் சூடான ஊசியால் துளையிட்டு, அடியில் மெல்லிய காகிதம் விரித்தேன். முட்டை இருக்கும் இணுக்கை அப்படியே வெட்டி, மருந்துப் புட்டியில் தண்ணீர் ஊற்றி அதில் செருகி வைத்தேன். புட்டியின் வாயைப் பஞ்சால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் புழு காம்பு வழியே இறங்கித் தண்ணீரில் விழுந்துவிடும்.

நாலாம் நாள் எட்டு முட்டைகள் பொரிந்தன. ஒன்பதாவது மட்டும் மஞ்சள் மாறி ஒரேயடியாகக் கறுத்து நின்றது. முட்டைக்குள் முட்டையிடும் கண்ணுக்கு எட்டாத குளவிகள் இருக்கின்றன. எடுப்பதற்கு முன்பே அவற்றில் ஒன்று வந்து போயிருக்க வேண்டும். பொரிந்த புழுக்கள் முதலில் தங்கள் முட்டை ஓட்டையே தின்றன. பிறகு கொழுந்தின் விளிம்பு.

தோலுரித்துத் தோலுரித்து வளரும் முதல் நாலு பருவமும் இந்தப் புழு பார்ப்பதற்குப் பறவை எச்சம்தான். பழுப்பு, நடுவில் வெள்ளைச் சேணம், ஈரமான மினுமினுப்பு. இலையின் மேல்புறத்தில் பட்டப்பகலில் ஒளியாமல் உட்கார்ந்திருக்கும். பறவை தன் எச்சத்தைத் தானே தின்னாது அல்லவா? தாய் வேறொரு பட்டாம்பூச்சியின் சாயலில் பறக்கிறாள், பிள்ளை எச்சத்தின் சாயலில் கிடக்கிறது. ஒரே உயிர் வயதுக்கு ஒரு வேஷம் மாற்றுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தபோது, இத்தனை நாள் இதே கன்றில் இதைத் தட்டிவிட்டுக் கறிவேப்பிலை பறித்திருக்கிறேனே என்று நெஞ்சு கனத்தது.

எட்டுப் புழுக்களுக்குத் தொட்டிக் கன்று போதவில்லை. பத்தாம் நாளே அது மொட்டையானது. “ஏன்டி, ரசத்துக்காவது ரெண்டு இணுக்கு விட்டு வைப்பியா?” என்றார் அம்மா. அவசரத்துக்குச் சந்தையிலிருந்து ஒரு கட்டு கறிவேப்பிலை வாங்கி வந்து, நன்றாகக் கழுவி, ஒரு டப்பாவில் இருந்த இரண்டு புழுக்களுக்கு வைத்தேன். மாலையில் பார்த்தபோது இரண்டும் இலையை விட்டு விழுந்து கிடந்தன. பச்சையாக வாந்தி எடுத்திருந்தன. இரவுக்குள் இறந்துவிட்டன. மருந்தடித்த இலை. நாம் கழுவிச் சாப்பிடும் அளவு வேறு, விரல் நக அளவுப் புழு தாங்கும் அளவு வேறு. இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். வளர்க்க நினைக்கிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இது ஒன்றுதான்: மருந்து படாத மரம் எது என்று கண்டுபிடித்து வைத்துக்கொண்ட பிறகு முட்டையைத் தொடுங்கள்.

எதிர்வீட்டு அக்காவிடம் பெரிய கறிவேப்பிலை மரம் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். “எவ்வளவு வேணுமோ ஒடிச்சுக்கம்மா, இந்த மரம் மருந்தையே கண்டதில்லை” என்றார். அவருடைய சின்னப் பையன் அன்றிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு கொத்தோடு வந்து நிற்பான்.

மீதி ஆறும் நன்றாக வளர்ந்தன. ஐந்தாம் பருவத்துக்குத் தோலுரித்ததும் எச்ச வேஷம் போய், இலைப் பச்சையில் மழமழவென்று ஒரு புது உருவம். மார்பு பருத்து, அதில் இரண்டு பொய்க்கண்கள். பின்னுடம்பில் சரிவாகப் பழுப்புப் பட்டை. தொட்டால் தலைக்குப் பின்னால் இருந்து சிவப்பாகக் கவைக்கொம்பு ஒன்று வெளியே நீளும், புளித்த பழ வாடை அடிக்கும். எறும்பையும் சின்னக் குளவியையும் விரட்ட அது போதும். பையன் அதைப் பார்த்து, “பாம்பு நாக்கு நீட்டுது அத்தை” என்றான். பொய்க்கண்ணையும் கொம்பையும் சேர்த்துப் பார்க்கும் எந்தக் குருவிக்கும் அதே எண்ணம்தான் வரும் என்று நினைக்கிறேன்.

இந்தக் கட்டத்தில் வேலை முழுக்கச் சுத்தம்தான். காலையும் மாலையும் புழுக்கை கொட்டிக் காகிதம் மாற்ற வேண்டும். மழைக்காலத்து ஈரத்தில் ஒருநாள் விட்டாலும் பூஞ்சை பிடிக்கிறது. டப்பாவில் மூச்சு முட்டுவது போலிருந்ததால் ஆறையும் பழைய துணிக்கூடை ஒன்றுக்கு மாற்றி, மேலே கொசுவலை கட்டினேன்.

நவம்பர் 6 முதல் ஒவ்வொன்றாகத் தின்பதை நிறுத்தின. கூட்டுப்புழுவாகும் முன் புழு தண்ணீராகக் கழித்து வயிற்றைக் காலி செய்யும். பிறகு நிலைகொள்ளாமல் அலையும். அப்போது கூடையில் குச்சிகள் தயாராக இருக்க வேண்டும். நான் பச்சைக் கறிவேப்பிலைக் குச்சிகளும், காய்ந்த சொரசொரப்பான வேப்பங்குச்சி ஒன்றும் வைத்திருந்தேன். புழு வாலை ஒரு பட்டுத் திண்டில் ஊன்றி, இடுப்பைச் சுற்றி ஒரு இழை போட்டு, மரமேறி இடுப்புக் கயிற்றில் சாய்வது போலச் சாய்ந்து நிற்கும். ஒரு நாள் கழித்துத் தோல் உரிந்து கூடு தெரியும். பச்சைக் குச்சியில் கட்டிய நாலும் பச்சையாகவும் வேப்பங்குச்சியில் கட்டியது காய்ந்த மரத்தின் பழுப்பாகவும் அமைந்தன.

ஆறாவது, கொசுவலையின் ஓரத்தில் இருந்த இடைவெளி வழியே தப்பி, ஜன்னல் கம்பியில் போய்க் கட்டிக்கொண்டது. அங்கேயே விட்டேன். கூடு இளசாக இருக்கும்போதுதான் ஒருவகைச் சின்னக் குளவி வந்து உள்ளே முட்டை இறக்கும். அதுதான் நடந்திருக்கிறது. பன்னிரண்டாம் நாள் கூட்டில் குண்டூசித் துளை ஒன்று விழுந்து, அதிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சை மினுக்கும் குட்டிக் குளவிகள் வந்துகொண்டே இருந்தன. எண்ணத் தொடங்கி நாற்பதில் நிறுத்தினேன். குளவி மேல் கோபம் இல்லை, அதற்கும் பிழைப்பு வேண்டும். கொசுவலையின் ஓரத்தை ஒழுங்காகக் கட்டாதது என் தவறு.

கூட்டுக்குள் இருந்த அந்தப் பத்து நாளில்தான் இதன் பின்னணியை ஆற அமரப் படித்தேன். நஞ்சுள்ள பூச்சியின் கோலத்தை நஞ்சில்லாத பூச்சி மேற்கொள்வதற்கு பேட்ஸ் பாவனை என்று பெயர். அமேசான் காடுகளில் பல ஆண்டுகள் பூச்சி சேகரித்த ஹென்றி வால்டர் பேட்ஸ் 1862-இல் அதை விளக்கினார். அவருடைய நண்பர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் மலாய்த் தீவுகளில் சேகரித்ததை வைத்து 1865-இல் வெளியிட்ட கட்டுரையில், தனித்தனி இனங்கள் என்று கருதப்பட்ட பட்டாம்பூச்சிகள் சில உண்மையில் ஒரே இனத்தின் வெவ்வேறு பெண் வடிவங்கள் என்று காட்டினார். நம் கறிவேப்பிலை அழகியும் அதில் உண்டு. இலங்கையில் இதே பூச்சியைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பார்த்து, வடிவங்கள் எப்படித் தாயிடமிருந்து மகளுக்குப் போகின்றன என்று ஃப்ரையர் என்பவர் 1914-இல் எழுதினார். துணிக்கூடையும் கொசுவலையுமாக நான் செய்துகொண்டிருந்த வேலையை நூறு வருடத்துக்கு முன்பு ஒருவர் பக்கத்து நாட்டில் பொறுமையாகச் செய்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

2014-இல் பெங்களூருவைச் சேர்ந்த கிருஷ்ணமேக் குண்டேயும் அவரோடு சேர்ந்து உழைத்த ஆய்வாளர்களும் இந்தப் பாவனைக்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். டபுள்செக்ஸ் என்று பெயர். பூச்சிகளில் ஆண், பெண் வேறுபாட்டை உருவாக்குவதே அந்த மரபணுவின் பழைய வேலை. அதன் ஒரு மாற்று வடிவம் பெண்ணின் சிறகுக்கு ரோஜா அழகியின் கோலத்தைக் கொடுக்கிறது. ஒரு பிரதி இருந்தாலே போதும், மகள் பாவனை உருவம் எடுத்துவிடுவாள். மகனிடம் அதே மரபணு இருந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. தன் மகளுக்குக் கொடுப்பதோடு சரி. ஆகவே என் கூடையில் இருந்து என்ன வர வேண்டும் என்று எனக்கு ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. மகன்கள் எல்லாரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மகள்களில் தாயைப் போன்றவர்களும் இருக்கலாம், தாயின் சாயலே இல்லாத சைரஸும் இருக்கலாம்.

நவம்பர் 17 மாலை ஒரு பச்சைக் கூடு கறுக்கத் தொடங்கியது. பூச்சி தயாரானதும் கூட்டின் சுவர் கண்ணாடி போலாகி, உள்ளே மடிந்திருக்கும் சிறகின் நிறம் தெரியும். டார்ச் அடித்துப் பார்த்தேன். கருப்புக்கு நடுவில் ஒரு வெள்ளைத் தீற்றல். அது ஆணின் புள்ளி வரிசையா, ஸ்டிக்கியஸின் திட்டா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தூக்கம் சரியாக வரவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கூடு பிளந்தது. ஈரமான, கசங்கிய ஒரு கைக்குட்டை போல வெளியே வந்து, குச்சியில் ஏறித் தொங்கியது. வயிற்றிலிருந்து சிறகு நரம்புகளுக்குள் நீரைச் செலுத்தச் செலுத்த, இருபது நிமிடத்தில் சிறகு முழுசாக விரிந்தது. குறுக்கே ஒரு வரிசை வெள்ளைப் புள்ளி. ஆண். பழுப்பேறிய சொட்டுகளாகக் கழிவை விட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் காய்ந்து, பத்து மணிக்குக் கொசுவலையைத் திறந்ததும் போய்விட்டது.

அன்று மதியமே இரண்டாவது. சிறகு விரியத் தொடங்கியபோது அம்மாவைக் கூப்பிட்டேன். பின்சிறகின் நடுவில் வெள்ளைத் திட்டு மடிப்பு மடிப்பாகத் திறந்தது, விளிம்பில் ரத்தச் சிவப்புப் பிறைகள் வந்தன. கறிவேப்பிலை மட்டுமே தின்று வளர்ந்த புழு. என் கண் முன்னால் ரோஜா அழகியாக விரிந்துகொண்டிருந்தது. தலை கருப்பு, வயிறு கருப்பு. “இது சாமி படைச்ச வேலைடி” என்று அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை.

19-ஆம் தேதி இரண்டு. ஒன்று இன்னொரு ஸ்டிக்கியஸ். மற்றது குறுக்கே வெள்ளைப் புள்ளி வரிசையோடு வந்தது. ஆண் என்று நோட்டில் எழுதியும்விட்டேன். சிறகு காய்ந்த பிறகு உற்றுப் பார்த்தால், பின்சிறகின் உள்மூலையில் மேல்புறத்திலேயே தெளிவாக ஒரு சிவப்புப் பிறை. முந்தின நாள் வந்த ஆணின் படத்தோடு வைத்துப் பார்த்தேன். அதில் அந்த இடம் கருப்பு. சந்தேகம் தீர வயிற்று நுனியைப் பக்கவாட்டில் படமெடுத்துப் பெரிதாக்கினேன். ஆணுக்கு நுனியில் இரண்டு மூடிகள் சேர்ந்தாற்போல ஒரு பிளவு இருக்கும், கூடும்போது பெண்ணைப் பற்றிக்கொள்ள. இதற்கு அது இல்லை. மழுங்கிய நுனி. அப்படியானால் இது சைரஸ், பெண். ஒரே தாய்; ஒரு மகள் ரோஜா அழகி போல, ஒரு மகள் அப்பா போல. பாவனைப் பெண்ணைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் இருந்த எனக்கு, வேஷம் போடாத பெண்ணைக் கண்டுபிடிப்பதுதான் இன்னும் சிரமம் என்று அந்த மாலை தெரிந்தது.

ஐந்தாவது, வேப்பங்குச்சியில் இருந்த பழுப்புக் கூடு, 21-இல் திறந்தது. ஆண். ஆக இரண்டு ஆண், இரண்டு ஸ்டிக்கியஸ், ஒரு சைரஸ். ஐந்தை வைத்து விகிதம் பேச முடியாது. ஆனால் தாய் இரண்டு வகை மகள்களையும் பெற்றதால், அவளிடம் பாவனை மரபணு ஒரு பிரதிதான் இருந்திருக்க வேண்டும் என்று சொல்ல முடியும். சைரஸ் மகளுக்கு அம்மாவும் அப்பாவும் பாவனை இல்லாத பிரதியையே கொடுத்திருக்கிறார்கள்.

ரோமுலஸ் இந்தக் கூடையில் வரவில்லை. ஆனால் அதைத் தேடும் கண் எனக்கு இப்போது வந்திருக்கிறது. அது பார்த்து வேஷம் போடும் சிவப்புடல் அழகி இந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாகக் காணப்படும் பூச்சி. முன்சிறகில் பளிச்சென்று வெள்ளைப் பட்டைகள், பின்சிறகு முழுக்கச் சிவப்புப் பொட்டுகள், உடம்பு குங்குமச் சிவப்பு. ரோமுலஸும் அப்படித்தான் இருக்கும், ஆனால் ஸ்டிக்கியஸ் அளவுக்குக் கச்சிதம் இல்லை. முன்சிறகின் வெள்ளை மங்கிப் புகைந்தாற்போல இருக்கும், உடம்பு வழக்கம்போலக் கருப்பு. சிவப்புடல் அழகி இல்லாத நாடுகளில் இந்தப் பூச்சிக்கு ரோமுலஸ் வடிவமும் இல்லை. யாரைப் போல நடிக்கிறதோ அவர் அந்த ஊரில் இருந்தால்தானே பறவைக்குப் பயம் இருக்கும்?

பெயர்களிலும் ஒரு சேதி எனக்குப் பிடித்திருந்தது. சிவப்புடல் அழகிக்கு லின்னேயஸ் 1758-இல் வைத்த அறிவியல் பெயரில் ஹெக்டர் இருக்கிறது. அதே ஆண்டு கறிவேப்பிலை அழகிக்கு வைத்ததில் பாலிட்டீஸ். இரண்டும் ட்ராய் மன்னன் பிரியாமின் மகன்களுடைய பெயர்கள். ஒன்று இன்னொன்றைப் பார்த்து வேஷம் போடுகிறது என்று யாரும் விளக்குவதற்கு நூறு வருடம் முன்பே, இரண்டுக்கும் அண்ணன் தம்பி பெயர் வாய்த்திருக்கிறது.

டிசம்பரில் பழைய படங்கள் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து உட்கார்ந்தேன். ‘ரோஜா அழகி’ என்று நான் பெயரிட்டிருந்தவை 31. ஒவ்வொன்றிலும் சிறகைக் கையால் மறைத்துக்கொண்டு தலையையும் வயிற்று நுனியையும் மட்டும் பார்த்தேன். பதினாறில் சிவப்பு தெளிவாகத் தெரிந்தது, அவை ரோஜா அழகியேதான். ஒன்பது கறிவேப்பிலை அழகியின் பெண்கள், பெயரை மாற்றினேன். மீதி ஆறும் மேலிருந்து எடுத்தவை, தலை பூவுக்குள் புதைந்திருக்கிறது, வயிறு நிழலில் இருக்கிறது. அவற்றில் ஒன்று இரண்டு வருடமாக என் போனின் முகப்புப் படமாக இருந்தது. மிக அழகான படம். அதையும் சேர்த்து ஆறையும் ‘தெரியாது’ என்று ஒரு தனி ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறேன்.